ஹெச்.பி.வி. வகைத் தொண்டைப் புற்றுநோய்: கதிர்வீச்சைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

வடகரை:
அக்காவும் அத்தானும் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம், 22 வருடமாக இருக்கிறார்கள். அத்தானுக்கு 56 வயது. சிகரெட் தொட்டதில்லை, குடியும் கிடையாது. போன மாதம் சவரம் செய்யும்போது கழுத்தில் வலப்பக்கம் நெறி கட்டினது போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. சளிக்கட்டாக இருக்கும் என்று இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், கரையவில்லை, அப்புறம் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தால் வலது டான்சிலில் புற்றுநோய், கழுத்து நெறிகளுக்கும் வந்துவிட்டது, பி16 பாசிட்டிவ், ஹெச்.பி.வி. வைரஸால் வந்தது என்கிறார்கள். 70 கிரே கதிர்வீச்சு (கிரே என்பது டோஸை அளக்கும் அலகு), 35 நாள், கூடவே மூன்று தடவை சிஸ்பிளாட்டின் கீமோ. "இது நன்றாகக் குணமாகிற வகை" என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அக்கா கேட்பது இதுதான். நன்றாகக் குணமாகிற வகை என்றால் எதற்கு முழு டோஸ்? 60 போதாதா, கீமோ இல்லாமல் முடியாதா? குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்கப் படித்துப் பார்க்கிறேன், ஒரு கட்டுரை குறைக்கலாம் என்கிறது, அடுத்தது கூடாது என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வைரஸ் எப்படிப் பரவும் என்று படித்த நாளிலிருந்து அக்கா அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பனிமூட்டம்:
கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் அவசரம். இந்த வைரஸ் அவ்வளவு சாதாரணமானது. உடல் நெருக்கம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதோ ஒரு தடவை வந்து போய்விடும், பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் டான்சிலின் மடிப்புகளிலும் நாக்கின் அடியிலும் தங்கி, பல வருடங்கள், சில நேரம் இருபது முப்பது வருடங்கள் கழித்துப் புற்றாகிறது. ஆகவே இன்றைய கட்டியை வைத்து யாரிடமிருந்து, எப்போது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அவர்கள் இருவருக்குள்ளேயே பரவியதாகவும் இருக்கலாம். அக்காவை அங்குள்ள புற்றுநோய் நர்ஸிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல.

இப்போது டோஸ். நான் இங்கிலாந்தில் கதிர்வீச்சுத் திட்டமிடும் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. எந்தக் கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போகவேண்டும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. அக்கா கேட்பது நியாயமான கேள்வி, உலகம் முழுக்க டாக்டர்களே பதினைந்து வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2010-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. தொண்டைப் புற்றுநோய்க்காரர்களில் வைரஸ் வகையினர் மூன்று வருடம் கழித்து 82.4 சதவீதம் உயிரோடிருந்தார்கள், வைரஸ் இல்லாத வகையினர் 57.1 சதவீதம்தான். ஒரே இடத்தில் வந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு நோய் என்பது அதில் உறுதியானது. சிகரெட்டால் வரும் புற்றில் பி53 என்கிற காவல்கார மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். வைரஸ் வகையில் அந்த மரபணு நல்லபடியாக இருக்கும், வைரஸின் இ6 புரதம் அது தயாரிப்பதை உடனுக்குடன் அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். கதிர்வீச்சுக்கு இந்தச் செல்கள் சீக்கிரம் மடிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

70 என்ற அளவு சிகரெட் புற்றுக்காகப் பழைய காலத்தில் வந்து நிலைத்த அளவு. வைரஸ் வகைக்கு அது தேவைக்கு அதிகம் என்று நினைப்பது இயல்புதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் கீமோவை மாற்றிப் பார்த்தார்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும், அதற்குப் பதில் செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்தால் மென்மையாக இருக்கும் என்று ஒரே சமயத்தில் மூன்று நாட்டுக் குழுக்கள் தனித்தனியாக ட்ரயல் நடத்தின. மூன்றிலும் செடுக்சிமாப் தோற்றது. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்தில் 334 பேரை வைத்து நடந்த டி-எஸ்கலேட் ட்ரயலில் இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள் சிஸ்பிளாட்டினில் 6 சதவீதம், செடுக்சிமாபில் 16.1 சதவீதம். அதைவிட வேதனை, பக்கவிளைவும் மொத்தத்தில் குறையவில்லை. வகை மாறியது, அளவு மாறவில்லை.

ஸ்கார்பரோ வாசன்:
நான் அந்த செடுக்சிமாப் ஆட்களில் ஒருவன்.

2013-ல் எனக்கு நாக்கடியில் வந்தது. அப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஆர்.டி.ஓ.ஜி. 1016 என்ற ட்ரயல் நடந்துகொண்டிருந்தது. சேர விருப்பமா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். கணினி எந்தக் குழுவில் போடுகிறதோ அதுதான், எனக்கு செடுக்சிமாப் விழுந்தது. மனைவி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தா, நல்ல மருந்து கிடைத்துவிட்டது என்று. எனக்கும் சந்தோஷம்தான், சிஸ்பிளாட்டின் என்றால் வாந்தி, காது போகும் என்று எல்லாரும் பயப்படுத்தி இருந்தார்கள்.

மருந்து தொடங்கி இரண்டாம் கிழமையே முகம், நெஞ்சு முழுக்கப் பரு மாதிரிப் பொரிந்தது, கண்ணாடி பார்க்க முடியாது. ஆனால் மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு வந்தது போலத்தான் வந்தது. நாலாம் கிழமை வாய் முழுக்கப் புண், தண்ணீர் விழுங்கினால் கண்ணாடித் துண்டு விழுங்குவது மாதிரி. வயிற்றில் குழாய் போட்டு ஐந்து மாதம் பால் ஊற்றினார்கள். இன்றைக்கும் எனக்கு எச்சில் சரியாக ஊறுவதில்லை, ராத்திரி மூன்று தரம் எழும்பித் தண்ணீர் குடிப்பேன், பாண் சாப்பிட்டால் தொண்டையில் ஒட்டும், கதைத்துக்கொண்டே சாப்பிட்டால் புரை ஏறும். தைராய்டு குளிசை வாழ்நாளுக்கும். மீன்குழம்பு இரண்டு வருடம் கழித்துத்தான் வாயில் வைத்தேன், உறைப்பு இல்லாமல்.

2018 கார்த்திகையில் அந்த ட்ரயல் முடிவு வெளியானது. ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் சிஸ்பிளாட்டின் குழுவில் 84.6 சதவீதம், என் குழுவில் 77.9. மகள்தான் வாசித்துக் காட்டினாள், வாசித்துவிட்டு அழுதாள். நான் பிழைத்துவிட்டேன், ஆனால் என்னைப் போல பரு வந்து அதே கதிரையில் காத்திருந்த சிலர், மற்ற மருந்து கிடைத்திருந்தால் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை. சேர்ந்தது பிழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நாங்கள் 800 சொச்சம் பேர் சேர்ந்தபடியால்தான் இதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்த மாற்றம் வேண்டாம் என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. தம்பி வடகரை, அத்தானுக்குக் குறைக்க வேண்டும் என்றால் ட்ரயலுக்குள் குறைக்கட்டும், வெளியே ஒரு டாக்டரின் மனக்கணக்கில் குறைக்க விடாதீர்கள். ட்ரயலில் ஒவ்வொரு அசைவையும் எழுதி வைப்பார்கள், ஏதாவது பிழையாகப் போனால் யாராவது கவனிப்பார்கள்.

தென்னங்கீற்று:
வாசன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கிறவர்கள் குறைத்தாலே ஆபத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 2016-ல், அமெரிக்காவில், டான்சிலில். அவர் சேர்ந்தது இ3311 என்ற ட்ரயல். வாய்வழியாக ரோபோ கையை விட்டுக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கழுத்து நெறிகளையும் எடுத்து, எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபிறகு, நடுத்தர ஆபத்து உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு 50 கிரே, மறு பாதிக்கு 60 கிரே, இருவருக்கும் கீமோ இல்லை. இவருக்கு 50. இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 50-ல் 94.9 சதவீதம், 60-ல் 96. கிட்டத்தட்ட சமம். இவர் நான்காம் மாதமே இட்லி சாப்பிட்டார். இப்போது வாழைப்பூ வடை வரைக்கும் வந்தாகிவிட்டது.

ஆனால் ஆபரேஷனும் சும்மா இல்லை, ஒருவாரம் ரத்தம் வருமோ என்று நான் தூங்கவே இல்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓரேட்டர் 2 என்ற ட்ரயலில் ஆபரேஷன் குழுவில் இரண்டு பேர் சிகிச்சையாலேயே இறந்துபோனதால் அதை நடுவில் நிறுத்தினார்கள். கைதேர்ந்தவர் கிடைத்தால்தான் இந்த வழி.

எண்கணக்கு:
வடகரையின் கேள்வி ஆபரேஷன் இல்லாமல் 70-ஐ 60 ஆக்குவது பற்றியது. அதற்கு நேரடியான பதில் இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அக்கா படித்த கட்டுரை முதல் பாதியோடு நின்ற கட்டுரையாக இருக்கலாம்.

முதல் பாதி ஹெச்.என்.002 என்ற அமெரிக்க ட்ரயல், 2021-ல் வெளியானது. சிகரெட் அதிகம் பிடிக்காத, நோய் முற்றாத 300-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு குழுவுக்கு 60 கிரேயோடு சிஸ்பிளாட்டின், இன்னொரு குழுவுக்கு கீமோவே இல்லாமல் 60 கிரே. இரண்டு வருடத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 90.5 சதவீதம், இரண்டாவதில் 87.6. முன்கூட்டியே வைத்த தேர்ச்சிக் கோட்டை முதல் குழு தாண்டியது, கீமோ இல்லாத குழு தாண்டவில்லை. எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி, 60 போதும்போல் இருக்கிறது என்று.

கவனியுங்கள், அந்த ட்ரயலில் 70 கிரே குழுவே கிடையாது. 90.5 நல்ல எண்தான், ஆனால் எதோடு ஒப்பிட்டு? அதற்காகத்தான் அடுத்து ஹெச்.என்.005 நடந்தது. 70-ம் சிஸ்பிளாட்டினும், 60-ம் சிஸ்பிளாட்டினும், 60-ம் நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தும் என்று மூன்று குழு. 2024-ல் முடிவைச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் 60 கிரே சிஸ்பிளாட்டின் குழுவில் 88.6 சதவீதம், முந்தின ட்ரயலில் வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே. நிவோலுமாப் குழுவில் 90.3. 70 கிரே குழுவில் 98.1! இடைக்காலக் கணக்கிலேயே 60 ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்து ட்ரயலை மூடிவிட்டார்கள். 60 திடீரென்று மோசமாகிவிடவில்லை. பழைய சிகிச்சை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் அளந்து பார்க்காமல் இருந்திருக்கிறோம். நான் புள்ளியியல் படித்தவன், ஒப்பிட ஆளில்லாத எண்ணை நம்பாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன், ஆனாலும் 2021-ல் அந்த 90.5-ஐப் பார்த்து நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

வடகரை:
நன்றி எல்லோருக்கும். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உடனே கேட்டாள், 60 கொடுத்த 100 பேரில் கிட்டத்தட்ட 89 பேர் நன்றாகத்தானே இருந்தார்கள், அந்த 89 பேருக்கு 70 கொடுத்திருந்தால் அநியாயமாகக் கூடுதல் சூடு வாங்கியிருப்பார்கள் இல்லையா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தான் ருசித்துச் சாப்பிடுகிற மனிதர், பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருப்பவர். வாசன் அண்ணா எழுதினதைப் படித்தபிறகு எனக்கே 60 கிடைத்தால் தேவலை என்று இருக்கிறது.

பனிமூட்டம்:
அக்கா சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். ஆமாம், அந்த 89 பேருக்கு 60 போதும். அந்த 89 பேர் யார் என்று சிகிச்சைக்கு முன்னால் சொல்லத் தெரியவில்லை, முழுப் பிரச்சினையும் அதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாருமே அத்தான் மாதிரிதான் இருந்தார்கள், வயது, சிகரெட் இல்லை, வைரஸ் வகை, சிறிய கட்டி. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் ஒரு குழு கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று தனி ஸ்கேனில் பார்க்கிறார்கள், ஏனென்றால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. மூலக்கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட்டு, கழுத்தில் மிச்சமிருக்கும் நெறிகளில் ஆக்சிஜன் நன்றாக இருப்பவர்களுக்கு வெறும் 30 கிரேயோடு கீமோ கொடுத்து நல்ல முடிவு காட்டியிருக்கிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் டி.என்.ஏ. சிகிச்சையின்போது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்து முடிவெடுக்கவும் முயல்கிறார்கள். என் மனசுக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது, எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டுவதை விட ஆளைப் பார்த்துக் குறைப்பது. ஆனால் இன்னும் ட்ரயலுக்குள் இருக்கிற விஷயம். அத்தான் நியூ ஜெர்சியில் இருக்கிறார், நியூயார்க் பக்கம்தான், இரண்டாம் கருத்துக்கு ஒருநாள் போய்வரலாம், சிகிச்சை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.என்.005-ன் இரண்டு வருடக் கணக்கில் மூன்று குழுவிலும் உயிரோடிருந்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நோய் திரும்பினாலும் சிலரைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் ஏற்கெனவே கதிர் பட்ட தொண்டையில் திரும்பிய கட்டியை எடுக்கிற ஆபரேஷன் எப்படிப்பட்டது என்று நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்காகக் குறைத்துவிட்டு, அந்த ஆபரேஷனில் சாப்பாட்டையே இழப்பதும் நடக்கும்.

கீழவாசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூரில் என் அப்பாவுக்கு நாக்கடியில் வந்திருக்கிறது, பி16 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. 30 வருடம் பீடி. இவருக்கும் இது நன்றாகக் குணமாகிற வகைதானா?

பனிமூட்டம்:
மன்னிப்பெல்லாம் வேண்டாம், இது எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி. பி16 என்பது வைரஸைக் காட்டும் நேரடிச் சோதனை இல்லை, வைரஸ் இருந்தால் செல்லில் கூடும் ஒரு புரதம். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும், எப்போதும் இல்லை. 2023-ல் 7,654 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது 9.2 சதவீதம் பேருக்கு இரண்டும் முரண்பட்டன. இரண்டும் பாசிட்டிவ் என்றால் ஐந்து வருடத்தில் 81.1 சதவீதம் பேர் இருந்தார்கள், பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றால் 54.7. வைரஸ் வகை குறைவாக இருக்கும் ஊர்களில் இந்த முரண்பாடு கூடுதல். நம் ஊரில் இந்தப் பகுதிப் புற்றுகளில் இன்னும் புகையிலையின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆகவே திசுவில் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். 30 வருட பீடி என்பதால் வைரஸ் இருந்தாலுமே அப்பா குறைக்கும் ட்ரயல்களின் வரம்புக்குள் பெரும்பாலும் வரமாட்டார், தினம் ஒரு பாக்கெட் வீதம் 10 வருடம் என்ற அளவைத் தாண்டினாலே பெரும்பாலானவற்றில் சேர்ப்பதில்லை. முழு சிகிச்சை, ஒருநாள்கூட விடாமல். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், சிகிச்சை நடக்கும்போது பிடித்தால் பலன் குறையும்.

வடகரை, நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். எவ்வளவு என்பதைக் குறைக்க முடியாவிட்டாலும் எங்கே என்பதைக் குறைக்கலாம். கட்டிக்கு 70 போகட்டும், உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் விழுங்கும் தசைக்கும் எதற்கு அவ்வளவு? 2011-ல் வந்த பார்ஸ்போர்ட் ட்ரயலில் காதுக்குக் கீழே உள்ள சுரப்பியைத் தவிர்த்துத் திட்டமிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மோசமான வாய் வறட்சி 74 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கியது. 2023-ல் வந்த டார்ஸ் ட்ரயலில் விழுங்கும் தசைகளைத் தனியாக வரைந்து, கட்டிக்கான டோஸைத் தொடாமல், அவற்றின் சூட்டை மட்டும் குறைத்தார்கள். விழுங்குவதைப் பற்றி நோயாளிகளே 100-க்குப் போட்ட மதிப்பெண் ஒரு வருடத்தில் 70.6-க்குப் பதில் 77.7. இது என் மேஜையில் தினம் நடக்கும் வேலை, ஒரு மில்லிமீட்டருக்காக அரைநாள் போராடுவோம், அதனால்தான் இவ்வளவு ஆவேசமாகச் சொல்கிறேன். அத்தானின் டாக்டரிடம் 60 கொடுங்கள் என்று கேட்பதை விட, விழுங்கும் தசைகளை வரைந்து அளவு வைத்திருக்கிறீர்களா, இடப்பக்கக் கழுத்துக்கும் கதிர் தேவையா, இவருக்குப் பொருந்துகிற ட்ரயல் இருக்கிறதா, வைரஸைத் தனியாகச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். டான்சில் ஒரு ஓரமாக இருந்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் பரவாமல் இருந்தால் சிலருக்கு ஒரு பக்கக் கழுத்தோடு நிறுத்த முடியும். அது பெரிய லாபம்.

தென்னங்கீற்று:
இதோடு ஒன்று. வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்தால் தடுப்பூசி போடுங்கள். பெண் குழந்தைகளுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பையன்களுக்கு 2011-லிருந்தே பரிந்துரை இருக்கிறது, பிரிட்டன் பள்ளிகளில் 2019-லிருந்து போடுகிறார்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் போட்டேன், அவன் அப்பாவே கையைப் பிடித்துக்கொண்டார்.

வடகரை:
இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் எழுதிய கேள்விகளை அக்கா தாளில் எழுதிக்கொண்டு போனாள். 60 பற்றிக் கேட்டதும் டாக்டர் அதே ஹெச்.என்.005-ஐத்தான் சொன்னார், எண்களோடு. வைரஸை டி.என்.ஏ. சோதனையில் ஏற்கெனவே உறுதி செய்திருக்கிறார்களாம். இடப்பக்கக் கழுத்துக்குக் குறைந்த அளவாவது கொடுக்கவேண்டியிருக்கிறது, கட்டி அண்ணத்துக்கு லேசாக ஏறியிருக்கிறது. விழுங்கும் தசைகளை வரைகிறார்கள். ஆபரேஷன் வழி இவருக்குச் சரிவராது என்று ரோபோ சர்ஜனும் சொல்லிவிட்டார். 70-க்கு அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். கீமோவுக்கு முன் காதுச் சோதனை வெள்ளிக்கிழமை.

அக்கா நர்ஸிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாளாம், போன வாரம் பின் சீட்டில் உட்கார்ந்தவள்.

ஸ்கார்பரோ வாசன்:
நல்லது தம்பி. பல் டாக்டரிடம் போனார்களா? ஆடுகிற பல்லெல்லாம் கதிர் தொடங்க முதல் எடுக்க வேண்டும், பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாது. ஃபுளூரைடு தட்டு செய்து தரச் சொல்லுங்கள். விழுங்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும், நுனிநாக்கைப் பல்லுக்கு இடையில் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது மாதிரி எல்லாம் சொல்லித் தருவார்கள். குழாய் போட்டாலும் வாயால் ஒரு வாய் கஞ்சியாவது தினமும் விழுங்கட்டும், நான் அதை விட்டதுதான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்கப் போடுகிற முகமூடிக்கு அச்சு எடுக்கிற நாளில் தாடியை மழித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், பிறகும் அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொருந்தாது.

வடகரை:
பல் டாக்டர் நாளை மறுநாள். தாடி இல்லை அண்ணா, மீசைதான். அதை எடுக்கணுமா?

ஸ்கார்பரோ வாசன்:
அங்கே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எனக்கு மீசையை விட்டுவிட்டார்கள்.